1910-ன் அமெரிக்கச் சுரங்கப் பணியகம்: ஆய்வு உயிரைக் காப்பாற்றியதா?

கேள்வி இது: "அமெரிக்க அரசு 1910-ல் சுரங்கப் பணியகம் என்று ஒன்றைத் தொடங்கி நிலக்கரி, கனிமம், பெட்ரோலியம் என்று எல்லாவற்றிலும் ஆய்வு நடத்தியதாகப் படித்தேன். அதனால் தொழிலாளிகள் சாவது நிஜமாகவே குறைந்ததா, இல்லை கம்பெனிகளுக்காக அரசு செலவில் நடந்த ஆராய்ச்சியா? அவ்வளவு நல்ல அமைப்பென்றால் 1996-ல் ஏன் மூடினார்கள்?" மேலோட்டமாக மூன்று கேள்விகள். உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: ஒரு ஆபத்தின் காரணத்தை அரசு கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் சாவு நின்றுவிடுமா? நிற்காது. அந்தப் பணியகத்தின் முதல் அறுபது வருடக் கதையே அதற்குச் சாட்சி. கண்டுபிடித்தார்கள், சீக்கிரமே கண்டுபிடித்தார்கள். ஆனால் கண்டுபிடித்ததைச் செய்யச் சொல்லும் அதிகாரம் அவர்களிடம் இல்லை.

நான் வரலாறு படித்தவன் அல்ல. சுரங்கப் பொறியியல் படித்துவிட்டு, நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களில் காற்றோட்டமும் பாதுகாப்பும் பார்த்தவன். நாங்கள் படித்த பாடங்களில் பாதி பிரிட்டிஷ் சரக்கு, மீதியில் பெரும்பகுதி இந்தப் பணியகத்தின் வெளியீடுகள். ஆகவே வெடிப்பு, தூசி, வாயு பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். அரசியல் பற்றிச் சொல்வதை ஒரு பொறியாளரின் வாசிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

1907 டிசம்பரிலிருந்து தொடங்க வேண்டும். 6-ம் தேதி மேற்கு வர்ஜீனியாவில் மொனாங்கா சுரங்கம் வெடித்தது. அரசுக் கணக்குப்படி 362 பேர் இறந்தார்கள். பதிவேட்டில் பெயர் இல்லாமல் உதவிக்கு இறங்கிய ஆட்களும் பையன்களும் இருந்ததால் உண்மை எண்ணிக்கை அதைவிட அதிகம் என்று பலர் கருதுகிறார்கள். இரண்டு வாரத்துக்குள், 19-ம் தேதி, பென்சில்வேனியாவில் டார் சுரங்கம். அங்கே 239 பேர். அன்று பழைய நாட்காட்டிப்படி புனித நிக்கோலஸ் திருநாள் என்பதால் கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர் பலர் வேலைக்கு வராமல் தேவாலயம் போயிருந்தார்கள். இல்லாவிட்டால் எண்ணிக்கை எங்கே போயிருக்குமோ. அந்த ஆண்டு அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் மட்டும் செத்தவர்கள் 3,242 பேர். 1909 நவம்பரில் இல்லினாய் மாநிலத்தின் செர்ரி சுரங்கத் தீயில் இன்னும் 259 பேர். அதற்குப் பிறகுதான் 1910 மே மாதம் சட்டம் வந்து, ஜூலை 1-ல் பணியகம் உள்துறையின் கீழ் (நம் ஊர் உள்துறை போல அல்ல, அங்கே அது நிலம், கனிம வளம் பார்க்கும் துறை) வேலையைத் தொடங்கியது.

அரசு ஆய்வு அன்றைக்குத்தான் பிறந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு முன்பே நிலவியல் ஆய்வுத்துறை இந்த வேலையைத் தொடங்கியிருந்தது, அதுவும் வேறொரு நோக்கத்துக்காக. 1904-ல் செயின்ட் லூயி நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் எந்த ஊர் நிலக்கரி எவ்வளவு நன்றாக எரிகிறது என்று பார்க்க ஒரு சோதனை நிலையம் போட்டார்கள். அதை நடத்தியவர்களில் ஒருவரான ஜோசப் ஹோம்ஸ்தான் பின்னால் பணியகத்தின் முதல் இயக்குநர். ஆக, கரியை லாபமாக எரிக்கும் ஆய்வு முதலில், கரி வெட்டுகிறவனின் உயிர் பற்றிய ஆய்வு அதன் பிறகு. இந்த வரிசை தற்செயலாக அமைந்தது என்று நான் நினைக்கவில்லை.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். அது கரித்தூள். சுரங்கம் வெடிக்கிறது என்றால் கரியிலிருந்து கசியும் மீத்தேன் வாயு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். மீத்தேன் பெரும்பாலும் திரியைப் பற்றவைப்பதோடு சரி. ஊரையே உலுக்குகிற வெடிப்புக்கு வெடிமருந்து கரித்தூள்தான். தரையில் கிடக்கும்வரை அது சும்மா தூசி. எங்கோ ஒரு இடத்தில் சிறிய வெடிப்பு நடக்கிறது, கரியை உடைக்கத் தப்பாக வைத்த ஒரு ஷாட், அதாவது ஒரு வெடி, போதும். அதன் அழுத்த அலை தீக்கு முன்னால் ஓடுகிறது. ஓடும்போதே தரையிலும் பக்கச் சுவரிலும் தாங்கு கட்டைகளின் மேலும் படிந்திருக்கும் தூளைக் காற்றில் கிளப்பிவிடுகிறது. பின்னால் வரும் தீ அதைத் தின்கிறது, தின்னத் தின்ன அலை வலுக்கிறது, இன்னும் தூள் கிளம்புகிறது. தூள் இருக்கும்வரை, கிலோமீட்டர் கணக்கில் இது ஓடும். மாவு மில் வெடித்த செய்தியை எப்போதாவது படித்திருப்பீர்கள், அதே கணக்குதான். தீயில் சாகாதவர்களைப் பின்னால் நிரம்பும் கார்பன் மோனாக்சைடு கொன்றுவிடும்.

இது 1910-க்கு முன்பு தெரியாததா? தெரியும். 1844-ல் இங்கிலாந்தில் ஹாஸ்வெல் சுரங்கம் வெடித்தபோது விசாரிக்கப் போன மைக்கேல் ஃபாரடேயும் சார்லஸ் லையலும் கரித்தூளுக்குப் பங்கு உண்டு என்று எழுதினார்கள். 1906-ல் பிரான்ஸின் கூரியேர் சுரங்கத்தில் 1,099 பேர் செத்தார்கள். மீத்தேன் தொல்லை இல்லாத சுரங்கம் என்று பெயர் வாங்கிய இடம் அது. பிரிட்டனில் வில்லியம் கார்ஃபோர்த் ஆல்டாஃப்ட்ஸில் நீண்ட குழாய்க் கூடம் கட்டி, கல்தூள் கலந்தால் தீ அடங்குகிறது என்று காட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அமெரிக்காவில் முதலாளிகள் மட்டுமல்ல, அனுபவமுள்ள பொறியாளர்களிலும் கணிசமானோர், மீத்தேன் இல்லாமல் தூள் தனியாக வெடிக்கும் என்பதை நம்பவில்லை. நம்பாமல் இருப்பதில் வசதியும் இருந்தது. தூள் மட்டுமே போதும் என்று ஒப்புக்கொண்டால் "எங்கள் சுரங்கத்தில் வாயு இல்லை" என்ற சமாதானம் செல்லாக்காசாகிவிடும்.

பணியகத்தின் தலைமைச் சுரங்கப் பொறியாளர் ஜார்ஜ் ரைஸ் இதற்குச் செய்த ஏற்பாடு எனக்கு இன்றும் பிடிக்கும். சோதனைக் கூடத்துக் குழாயில் நடந்தது நிஜச் சுரங்கத்தில் நடக்காது என்று யாரும் வாதாட முடியாதபடி, ஒரு நிஜச் சுரங்கத்தையே வெடிக்கவைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். பிட்ஸ்பர்க்குக்குத் தெற்கே புரூஸ்டன் என்ற இடத்தில் 1910-ல் சோதனைச் சுரங்கம் வெட்டத் தொடங்கினார்கள். 1911 அக்டோபர் 30 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுரங்கக்காரர்களை வரவழைத்து, அவர்கள் கண்முன்னே கரித்தூளை வெடிக்கவைத்தார்கள். அதன் பிறகு, தூள் தனியாக வெடிக்காது என்று விஷயம் தெரிந்தவர் யாரும் கௌரவமாகச் சொல்ல முடியவில்லை. அடுத்த பல ஆண்டுகள் அதே சுரங்கத்தில் நூற்றுக்கணக்கான வெடிப்புகள் நடத்தி, எவ்வளவு நுண்ணிய தூள், எவ்வளவு கல்தூள் கலந்தால் தீ நிற்கும் என்று அளந்தார்கள்.

கல்தூள் என்பது பெரும்பாலும் அரைத்த சுண்ணாம்புக்கல். கரித்தூள் கிளம்பும்போது அதுவும் கூடவே கிளம்பி வெப்பத்தை உறிஞ்சி, ஒரு துகளிலிருந்து அடுத்த துகளுக்குத் தீ தாவாமல் குறுக்கே நிற்கிறது. கேட்க எளிது. தினமும் செய்வதில்தான் சங்கடம். கல்தூள் போட்ட அன்று கேலரி, அதாவது சுரங்கத்துக்குள் இருக்கும் பாதை, வெள்ளையாக, கல்யாண வீட்டுக்கு அடித்தது போல இருக்கும். கன்வேயர் ஓட ஓடச் சாம்பல் நிறமாகி, கொஞ்ச நாளில் பழையபடி கறுத்துவிடும். கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. அடியில் எவ்வளவு கல்தூள் கிடந்தாலும், அதன் மேல் காகிதத் தடிமனுக்குக் கரித்தூள் படிந்திருந்தால் வெடிப்பு ஓடிவிடும் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. அதனால் மாதிரி எடுப்போம். கூரை, பக்கம், தரை மூன்றிலிருந்தும் பட்டை பட்டையாகத் தூரிகையால் கூட்டி, தட்டில் கலந்து குவித்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கு இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, பையில் போட்டு இடத்தை எழுதி லேபுக்கு அனுப்புவோம். அங்கே எரித்துப் பார்த்து எரியாமல் மிஞ்சுவது எத்தனை சதவீதம் என்று சொல்வார்கள். உற்பத்திக்காரர்களுக்கு இதெல்லாம் இடைஞ்சல். கல்தூள் அடிக்கிற ஷிஃப்டில் கரி வராது, முடிவு மோசமாக வந்தால் இன்னொரு ஷிஃப்டும் போகும். இந்த முணுமுணுப்பை நான் நேரில் நிறையக் கேட்டிருக்கிறேன். 1920-களின் அமெரிக்காவிலும் வேறு மாதிரி இருந்திருக்காது.

சரி, மற்ற பாதுகாப்பு வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கறுப்பு வெடிமருந்தின் தீ நீளமாகவும் நிதானமாகவும் எரிந்து, வாயுவையும் தூளையும் பற்றவைக்கும். அதற்குப் பதிலாகக் குறுகிய தீ உள்ள வெடிமருந்துகளைச் சோதித்து அனுமதிப் பட்டியல் போட்டார்கள். முதல் பட்டியல் 1909-லேயே வந்துவிட்டது. இன்று நம் ஊர்ச் சுரங்கங்களில் பெர்மிட்டட் எக்ஸ்ப்ளோசிவ் என்று புழங்கும் சரக்குக்குப் பின்னாலும் இதே யோசனைதான். ரயில் பெட்டிகளையே மீட்பு நிலையமாக மாற்றி, மூச்சுக் கருவிகளோடு ஊர் ஊராக அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்கக் கேனரிக் குருவியைக் கொண்டுபோகும் யோசனை பிரிட்டனில் ஜான் ஹால்டேன் சொன்னது. பணியகத்தில் ஜார்ஜ் பரெல் எலிகளையும் பறவைகளையும் ஒப்பிட்டுச் சோதித்து, குருவியே மேல் என்று உறுதி செய்தார். அப்புறம் ஒரு உபரி லாபம்: நியூயார்க்கின் ஹாலந்து சுரங்கப்பாதைக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்ற கணக்குக்கும் இதே ஆட்கள்தான் உதவினார்கள். புரூஸ்டனில் நிலத்தடியில் கார்களை ஓட்டிப் பார்த்தார்கள். பத்தாயிரத்தில் 4 பங்கு கார்பன் மோனாக்சைடு என்றால் ஒரு மணி நேரம் தாங்கும் என்ற வரம்பும் அந்த ஆய்வுத் தொடரில் வந்ததுதான்.

இவ்வளவும் செய்தவர்களுக்கு 1910 சட்டம் வைத்த வேலி என்ன தெரியுமா? எந்த மாநிலத்திலும் சுரங்கத்தைச் சோதனையிடவோ மேற்பார்வையிடவோ பணியக ஊழியர்களுக்கு உரிமை இல்லை என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். ஆராயலாம், அச்சடிக்கலாம், புத்திமதி சொல்லலாம், அவ்வளவுதான். உள்ளே போய்ப் பார்க்கும் உரிமை 1941-ல் வந்தது. அப்போதும் பார்த்ததை அறிக்கையாக வெளியிடலாமே தவிர, வேலையை நிறுத்தச் சொல்ல முடியாது.

அந்த நிலைமையின் விலை இல்லினாய் மாநிலத்தில் சென்ட்ரேலியா 5-ம் எண் சுரங்கத்தில் தெரிந்தது. மாநில ஆய்வாளரும் பணியக ஆய்வாளர்களும் அங்கே கரித்தூள் குவிந்திருக்கிறது, கல்தூள் போதவில்லை என்று வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப எழுதினார்கள். 1946 மார்ச்சில் தொழிற்சங்க நிர்வாகிகள் நாலு பேர் கையெழுத்திட்டு, தங்கள் உயிரைக் காப்பாற்றும்படி ஆளுநருக்கே கடிதம் அனுப்பினார்கள். 1947 மார்ச் 25 அன்று சுரங்கம் வெடித்து 111 பேர் இறந்தார்கள். கையெழுத்துப் போட்ட நாலு பேரில் மூன்று பேர் அதில் அடக்கம். புரூஸ்டனில் ஆயிரம் பேர் பார்த்து 35 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அங்கே விஞ்ஞானத்துக்குத் தெரியாதது எதுவும் நடக்கவில்லை.

1951-ல் அதே மாநிலத்தில் வெஸ்ட் ஃபிராங்க்ஃபர்ட்டில் 119 பேர் செத்த பிறகு, 1952 சட்டம் உடனடி ஆபத்து இருந்தால் வேலையை நிறுத்தும் அதிகாரத்தைக் கொடுத்தது. 15 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சுரங்கங்களுக்கு அதிலும் விலக்கு. 1968-ல் ஃபார்மிங்டன் வெடிப்பில் 78 பேர் இறந்தார்கள். மொனாங்கா இருக்கும் அதே மாவட்டம்தான் அது. அதன் விளைவாக வந்த 1969 சட்டத்தில்தான் கட்டாயச் சோதனையும் அபராதமும் பல்லோடு வந்தன.

கம்பெனிகளுக்கான ஆராய்ச்சியா என்ற பகுதிக்கு வருவோம். ஆமாம், அதுவும் தாராளமாக நடந்தது. அதில் பாதி நல்ல வேலை என்றே சொல்வேன். ஓக்லஹோமா எண்ணெய் வயல்களில் கிணறு தோண்டும்போது குறுக்கே வரும் இயற்கை வாயுவை அப்படியே காற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள். கனமான சேற்று நீரைக் கிணற்றுக்குள் நிரப்பி அந்த வாயு அடுக்கை அடைத்துவிடலாம் என்று பணியகப் பொறியாளர்கள் 1913, 1914 வாக்கில் களத்தில் செய்து காட்டினார்கள். 1918-ல் பார்ட்டில்ஸ்வில்லில் பெட்ரோலிய ஆய்வு நிலையம் வந்தது. தொட்டிகளில் கச்சா எண்ணெய் ஆவியாகி எவ்வளவு வீணாகிறது என்று பணியகத்துக்காக அளந்த விக்கின்ஸ், பின்னால் மிதக்கும் கூரைத் தொட்டியைப் பிரபலமாக்கினார். மணலி பக்கம் போனால் அந்த மாதிரித் தொட்டிகளை நீங்களே பார்க்கலாம். கனிமத்தில், கொலராடோவின் கார்னோடைட் தாதுவிலிருந்து ரேடியம் பிரித்தார்கள். அன்றைய சந்தை விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குச் செலவில் சுமார் எட்டரை கிராம் எடுத்தார்கள், அது புற்றுநோய் சிகிச்சைக்குப் போனது. டைட்டானியம், சிர்கோனியம் தயாரிக்கும் குரோல் முறையும் பணியகத்தின் ஆய்வுக்கூடங்களில்தான் தொழிலாக வளர்ந்தது.

ஆனால் ஒரு விவகாரத்தை மழுப்ப முடியாது. பெட்ரோலில் ஈயம் கலப்பது பாதுகாப்பானதா என்று 1923-ல் பணியகம் ஆராயத் தொடங்கியது. பணம் கொடுத்தது அதை விற்கப்போகும் ஜெனரல் மோட்டார்ஸ். அறிக்கையை வெளியிடுவதற்கு முன் கம்பெனியிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற நிபந்தனைக்கும் பணியகம் தலையாட்டியது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் அந்த ஈயச் சேர்மம் தயாரித்த ஆலையில் ஐந்து தொழிலாளிகள் புத்தி பேதலித்துச் செத்தார்கள். சில நாட்களிலேயே, வண்டிப் புகையால் பொதுமக்களுக்கு ஆபத்து இல்லை என்ற பணியக அறிக்கை வந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் யாண்டெல் ஹெண்டர்சன் போன்றவர்கள் அன்றே கடுமையாக எதிர்த்தார்கள். கரித்தூள் விஷயத்தில் முதலாளிகளின் நம்பிக்கையை உடைத்துக் காட்டிய அதே அமைப்பு, இங்கே முதலாளியின் காசில் முதலாளி விரும்பிய பதிலைக் கொடுத்தது.

சுவாச நோயிலும் இதே இரட்டை முகம். மிசூரியின் ஜாப்ளின் பகுதித் துத்தநாக, ஈயச் சுரங்கங்களில் பாறைத்தூசியால் நுரையீரல் கெடுவதைப் பொதுச் சுகாதாரத் துறையோடு சேர்ந்து 1915-லேயே எழுதினார்கள். கரித்தூசியே நுரையீரலைக் கெடுக்கும் என்பதை பிரிட்டன் 1943-ல் நஷ்டஈட்டுக்கு உரிய நோயாக ஏற்றுக்கொண்டது. அமெரிக்கா ஏற்க 1969 ஆனது.

இனி சந்தேகத்துக்குரிய பகுதி. மொத்தத்தில் ஆய்வால் எத்தனை உயிர் மிஞ்சியது? யாராவது ஒரு எண் சொன்னால் நம்பாதீர்கள். 1907-ல் 3,242 என்பது 2000-க்குப் பிறகு ஆண்டுக்குச் சில பத்துகளாகவும் அதற்குக் கீழேயும் இறங்கியது உண்மை. ஆனால் அதே காலத்தில் தொழிலாளர் எண்ணிக்கையே பல மடங்கு சுருங்கியது, இயந்திரங்கள் வந்தன, நிலத்தடியை விட்டுத் திறந்தவெளிச் சுரங்கத்துக்கு மாறினார்கள், சங்கங்கள் வலுப்பெற்றன, சட்டம் மாறியது. இதில் ஆய்வின் பங்கைப் பிரித்தெடுக்க வழியில்லை. இன்னொன்று: பெரிய வெடிப்புகள்தான் செய்தியானாலும், அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளியை அதிகம் கொன்றது கூரை சரிவு. ஒருவர், இருவர் என்று தினம் நடந்த சாவு அது. 1940-களின் கடைசியில் கூரைப் பாறையில் துளையிட்டு இரும்புப் போல்ட் இறக்கிப் பிடித்து நிறுத்தும் ரூஃப் போல்டிங்கைப் பணியகம் ஊக்கமாகப் பரப்பியது. தொழில்நுட்பம் அருமை. இருந்தும் கூரை சரிவுச் சாவு விகிதம் பல வருடம் எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. போல்ட்டைப் பாதுகாப்புக்கு என்பதைவிட உற்பத்தியைக் கூட்டப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் இதை ஆராய்ந்தவர்கள் சொல்லும் விளக்கம், எனக்கும் அது சரியாகப் படுகிறது. தெளிவான இறக்கம் 1969 சட்டத்துக்குப் பிறகுதான்.

கடைசியாக, 1996. அமலாக்க வேலையை 1970-களிலேயே பணியகத்திலிருந்து பிரித்து விட்டார்கள். கனிம உற்பத்தியை வளர்க்கும் துறையே பாதுகாப்பையும் கண்காணிப்பது முரண் என்ற விமர்சனம் அதற்கு ஒரு காரணம். மிஞ்சிய ஆய்வு அமைப்பைச் செலவுக் குறைப்பு என்ற பெயரில் மூட நாடாளுமன்றம் 1995-ல் முடிவெடுத்தது. ஆனால் பாதுகாப்பு ஆய்வு சாகவில்லை. பிட்ஸ்பர்க், ஸ்போக்கேன் மையங்கள் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனத்தின் கீழ் போயின. அந்த ஆட்கள்தான் 2000-களில் ஒரு சங்கடமான உண்மையைக் கண்டார்கள். காற்று உள்ளே வரும் பாதைகளில் 65 சதவீதம் எரியாத தூள் இருந்தால் போதும் என்ற சட்ட வரம்பு, 1920-களில் எடுத்த கரித்தூளின் பருமனை வைத்துப் போட்டது. இன்றைய வெட்டு இயந்திரங்கள் அதைவிட நுண்ணிய தூளை உண்டாக்குகின்றன, அதற்கு 80 சதவீதம் வேண்டும். இந்தப் பரிந்துரை விதியாவதற்குள் 2010 ஏப்ரலில் மேற்கு வர்ஜீனியாவின் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கம் வெடித்து 29 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் 80 சதவீதம் அவசர விதியாக வந்தது, 2011-ல் நிரந்தரமானது. வெடித்த சுரங்கத்தில் விசாரணையாளர்கள் எடுத்த தூள் மாதிரிகளில் பெரும்பாலானவை பழைய வரம்பைக்கூட எட்டவில்லை.